தலைவருக்குப் புது மருந்து

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம், காஜா பேராங்கிலிருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு மயக்க இயந்திரம் ஒன்றும் அதை ஓட்ட ஒரு டாக்டரும் ஒரே கப்பலில் வந்து இறங்கினார்கள். இயந்திரத்துக்கு நான்கு சக்கரம், இரண்டு இரும்பு உருளை, ஒரு கறுப்பு ரப்பர் பை. டாக்டர் கலியாணசுந்தரத்துக்கு ஒரு கோட்டு, ஒரு வில் டை, இங்கிலாந்தில் ஒன்றரை வருஷம் படித்து வாங்கிய சான்றிதழ். படித்தது முழுக்க ஆட்களைத் தூங்க வைப்பது பற்றித்தான் என்று கேள்விப்பட்டதும் காப்பிக் கடையில் ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதுக்கா ஒன்னரை வருஷம்? நம்ம கோயிலுக்கு வர்ற சொற்பொழிவாளரு பத்து நிமிஷத்துல செய்றாரே லா!"

சிரித்தவர்கள் ஒரு வாரத்தில் அடங்கினார்கள். தெங்கேராவிலிருந்து ஒரு மீன் வியாபாரியைத் தூக்கி வந்தார்கள். குடல்வால் வீங்கிப் பழுத்திருந்தது, ஆஸ்துமா வேறு. பழைய ஈதரை அவர் மூக்கில் காட்டியிருந்தால் இருமியே உயிர் போயிருக்கும். டாக்டர் இயந்திரத்தின் தலையிலிருந்த சிறு குடுவையில் ஹாலோத்தேன் என்ற புது மருந்தை ஊற்றினார். பார்ப்பதற்குத் தண்ணீர். லேசான தித்திப்பு வாசனை. மீன் வியாபாரி பத்து மூச்சு இழுத்தார், ஒரு இருமல் இல்லை, தூங்கிப் போய்விட்டார். வெட்டித் தைத்துக் கட்டுப் போட்டு வார்டில் படுக்க வைத்த பிறகு கண் விழித்து, "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்டார். காப்பிக் கடையில் இதைச் சொன்னபோது எல்லாரும் நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒருவர் மட்டும் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

டாக்டரும் சும்மா இருக்கவில்லை. மயக்க அறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பட்டியல் ஒட்டினார். சிவப்பு மையில் கோடு. எந்த மருந்து எந்த வகை நோயாளிக்கு ஏற்றது என்று ஒப்பிட்டு லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை அனுப்புவதாகத் திட்டம். கட்டுரையின் கடைசியில் வரும் நன்றியுரையை எழுதி முடித்துவிட்டார்; மிச்சம்தான் பாக்கி.

ஆனால் அந்தப் பட்டியலை ஒருநாள் முழுக்கப் படித்தவர்கள் கேலி செய்ய மாட்டார்கள். குழந்தைகளுக்கு ஹாலோத்தேன் அம்மாவின் மடிபோல் இருந்தது, திமிறல் இல்லை. நெஞ்சுச் சளிக்காரர்களுக்கும் அதுவே. பிரசவத் தாய்மார்களுக்கோ அதே மருந்து கர்ப்பப்பையைத் தளர்த்தி ரத்தத்தைக் கொட்ட வைத்தது. அவர்களுக்கு டிரைலீன் என்ற வேறொன்றைக் கொஞ்சமாக முகரக் கொடுத்தால் போதும். ஒரே மூச்சுக்குழாய், ஒரே காற்று. ஆனால் ஒருத்தருக்கு ஆகிற மருந்து இன்னொருத்தருக்கு ஆகவில்லை. ஊரில் ஜாதியும் சங்கமும் பிரிக்காத விதமாக அந்தத் தண்ணீர் மருந்து மனிதர்களைப் பிரித்தது.

பட்டியலில் நான்காவது வகை குடிப்பவர்கள். அங்கேதான் சிக்கல். மதுவில் ஊறிய உடம்பு சீக்கிரம் தூங்காது. தூங்க வைக்க ஹாலோத்தேனைக் கூட்டினால் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கும். ஆற்றோரத்தில் மூட்டை தூக்கும் ஒருவருக்கு அப்படி இறங்கி அறுபதுக்கு வந்து, டாக்டர் வில் டையைப் பிய்த்து எறிந்துவிட்டு வேலை செய்து அவரைத் திரும்பக் கொண்டுவந்தார். அன்றோடு முடிவானது: குடிப்பவர்களுக்குப் பழைய ஈதர்தான். நாறும், நேரமாகும், ஆள் கத்துவான், உதைப்பான். ஆனால் நாடி விழாது, நெஞ்சு துடிக்கும்.

முடிவெல்லாம் சரி. காஜா பேராங்கில் குடிப்பவர் யார்? நான்கு மாதத்தில் அந்த வரிசையில் சேர்ந்தது மூன்றே பேர். கேட்டால், "தொட்டதே இல்ல டாக்டர்." ரப்பர் தோட்டத்துக் கள்ளுக்கடை யாரை நம்பி நடந்தது என்பது டாக்டருக்குப் புரியவில்லை. முதலில் மனைவிமாரைக் கேட்டுப் பார்த்தார். அவர்களோ, "குடிக்கிறாரு டாக்டர், நல்லாத் திட்டுங்க," என்று குடிக்காதவனையும் சேர்த்துவிட்டார்கள். அதனால் விதி ஒன்று போட்டார்: நோயாளி தன் வாயால் சொன்னால்தான் பட்டியலில் ஏறும்.

டிரெஸ்ஸர் ராஜரத்தினத்திடம் வேறு கணக்கு இருந்தது. யாழ்ப்பாணத்து வம்சம், இருபத்திரண்டு வருஷமாகக் மூக்கில் வைக்கும் கம்பி மூடியில் துணி போர்த்தி ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தூங்க வைத்தவர். "ஒரு கிளாஸ் எண்டால் மூண்டு. எப்பவாவது எண்டால் தினமும். தொட்டதே இல்லை எண்டால் அரைப் போத்தல்," என்பார். அதைத் தன் சின்ன நோட்டில் பென்சிலால்தான் எழுதுவார். டாக்டரின் மைப்பேனா அதைப் பார்க்காது.

இந்த நிலையில்தான் மதுவிலக்குச் சங்கத் தலைவர் மாணிக்கவாசகம் குடலிறக்கத்தோடு வந்து சேர்ந்தார்.

அவர் பொதுப்பணி இலாகாவில் பெரிய கிராணியாக இருந்து, குமாஸ்தாக்களை மேய்த்து ஓய்வு பெற்றவர். புக்கிட் ரம்பாய்ப் பக்கத் தோட்டங்களில் அவர் பேசாத மேடை இல்லை. அவர் பேசினால் கள்ளுக்கடை வாசலில் நிற்பவனும் கை தட்டுவான். தட்டிவிட்டு உள்ளே போவான். தினமும் சாயங்காலம் கிளேபாங் கடற்கரைக்கு நடந்து போய்க் காற்று வாங்கி வருவார். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு தேகப் பயிற்சியா என்று சங்கத்தில் வியந்தார்கள். கிளேபாங்கில் ஒரு சீனர் கடையின் பின்கதவு கடலைப் பார்த்து இருந்தது என்பதும், அங்கே சம்சு என்ற சாராயம் தேநீர்க் கோப்பையில் வரும் என்பதும் அவர் மனைவி சிவகாமசுந்தரிக்கு மட்டும் தெரியும். ஒன்பது வருஷமாக வாய் வாடை தெரியாமலிருக்க அவர் சட்டைப் பைக்குக் கிராம்பு வாங்கிப் போடுகிறவள் அவள்.

அட்மிட் ஆன அன்று சங்கத்தார் பதினோரு பேர் மாலையோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பெரிய மனிதர் படுத்தால் அப்படித்தான். தனியாக விடுவது மரியாதை இல்லை. அந்தப் பதினோரு பேர் நடுவில் புகுந்து டாக்டர் கலியாணசுந்தரம் குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஐயா, மது அருந்துற பழக்கம் உண்டா?"

செயலாளர் கணேசமூர்த்தி முகம் சிவந்தார். "டாக்டர்! யாரைப் பார்த்து என்ன கேக்குறீங்க?"

"எல்லாரையும் கேக்குறதுதான்."

மாணிக்கவாசகம் கையை உயர்த்திக் கணேசமூர்த்தியை அடக்கினார். "கேக்கட்டும். டாக்டர், என் உதடு அதை அறியாது." பிறகு ஒரு புன்னகை. "லண்டன்ல இருந்து வந்த அந்தப் புது மருந்துதானே எனக்கு?"

"கண்டிப்பா. குடிக்காதவங்களுக்கு அதுதான்."

பதினோரு பேரும் கை தட்டினார்கள். பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்தவரும் என்னவென்று தெரியாமல் தட்டினார். தாழ்வாரத்தில் ராஜரத்தினம் காதிலிருந்த பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டே நடந்தார்.

சிவகாமசுந்தரி அவர் பின்னாலேயே போனாள்.

"டிரெஸ்ஸர் ஐயா, ஒரு சந்தேகம். என் தங்கச்சி வீட்டுக்காரரு… ஜொகூர்ல இருக்காரு. அவரு கொஞ்சம் போடுவாரு. அவருக்கு இந்தப் புது மருந்து கொடுத்தா என்ன ஆகும்?"

ராஜரத்தினம் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஜொகூர்க்காரர் எவ்வளவு எடுப்பார்?"

"தினமும். முக்கால் போத்தல் இருக்கும்."

"அப்பிடியெண்டால் தூங்க மாட்டார். டொக்டர் மருந்தைக் கூட்டுவார். ஏன் தூங்கேல்லை எண்டு தெரியாமல் இன்னும் கூட்டுவார். பிரஷர் விழும். போன மாசம் ஒருத்தரைத் திருப்பிக் கொண்டு வந்தோம். ஒவ்வொரு முறையும் கொண்டு வரலாம் எண்டு நான் சொல்ல மாட்டன், அம்மா."

"நீங்களே டாக்டர்கிட்ட…"

"என்ர பென்சிலை அவர் நம்ப மாட்டார். உங்கட சொல்லையும் எடுக்க மாட்டார். ஜொகூர்க்காரர் தன்ர வாயால சொல்லோணும்."

சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிகிறபோது சங்கத்தார் கலைந்தார்கள். சிவகாமசுந்தரி கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்டதை எல்லாம் சொன்னாள்.

"மெதுவாப் பேசு," என்றார் மாணிக்கவாசகம்.

"மெதுவாத்தான் பேசுறேன். ஒம்பது வருஷமா மெதுவாத்தான் பேசிட்டு இருக்கேன். நாளைக்குக் காலையில அந்த டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிருங்க."

"சொன்னா ஈதர் கொடுப்பான்."

"கொடுக்கட்டும்."

"ஈதர் கொடுத்தா வாய் திறந்துக்கும். கணேசமூர்த்தி கதை தெரியும்ல உனக்கு?"

ஊருக்கே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் ஈதர் மயக்கத்தில் கணேசமூர்த்தி ரொங்கெங் ஆட்டக்காரி ஒருத்தியின் பெயரைச் சொல்லி உருகிப் பாட்டுப் பாட, மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டாள்.

"அவருக்குப் பாட்டு வந்துச்சு," என்றார் மாணிக்கவாசகம். "எனக்கு என்ன வரும்? கிளேபாங் வரும். சீனன் கடை வரும். வெளியில பதினோரு பேரு உக்காந்திருப்பான்."

"உக்காந்திருக்கட்டும். உசிரு இருந்தா மானத்தப் பிறகு பாத்துக்கலாம்."

"செத்தாலும் தலைவனாச் சாவேன்டி."

"ஆமா, நல்லா இருக்கும். பதினோரு பேரு மாலை போடுவாங்க. அப்புறம் வீட்டுக்குப் போயிருவாங்க. நான் எங்க போறது?" அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மணி அடித்து அவளை வெளியே அனுப்பினார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவரைச் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போனார்கள். சங்கத்தார் வெளி வராந்தா பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சிவகாமசுந்தரி கதவுக்கு மிக அருகில். உள்ளே மயக்க அறையில் தலைவருக்கு முன்னால் இன்னொரு நோயாளி இருந்ததால் அவரை ஓர் ஓரமாக நிறுத்தினார்கள்.

அது மரியம், தெங்கேராவில் துணிக்கடை வைத்திருந்த முகைதீனின் மகள், ஏழு வயது. உள்ளங்கையில் சீழ் கட்டியிருந்தது. விடிந்ததிலிருந்து அழுதிருக்கிறாள், மூக்கெல்லாம் சிவப்பு. நர்ஸ் ஜெயா அவளை அணைத்துப் பிடித்திருந்தாள். சிறுமியின் நல்ல கையில் ஒரு சட்டைப் பொத்தான். அதை யாரிடமும் தர மாட்டேன் என்று இறுக்கி வைத்திருந்தாள்.

"மிஸ்ஸி, வலிக்குமா?"

"பூ வாசம் மாதிரி இருக்கும். ஊது பாப்போம். பலூன் ஊதுற மாதிரி."

டாக்டர் ரப்பர் முகமூடியை முகத்தில் வைக்காமல் சற்றே தூக்கிப் பிடித்தார். மரியம் ஒருமுறை ஊதினாள். கறுப்புப் பை அசைந்தது. இரண்டாவது மூச்சில் அழுகை நின்றது. ஐந்தாவதில் இமை கனத்தது. அவள் எதையோ கேட்கத் தொடங்கினாள். கேள்வி பாதியில் நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பொத்தான் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சின்ன ஓசைக்கு அறையில் எல்லாரும் திரும்பினார்கள், அவளைத் தவிர.

மாணிக்கவாசகம் எழுந்து உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் மேடையில் நின்று, கூட்டத்தை அழ வைத்து, சிரிக்க வைத்து, ஒருத்தனையும் அசைத்ததில்லை. இந்த மனிதன் வாயே திறக்கவில்லை. ஐந்து மூச்சு. சீழ் பிடித்த கையைப் பிடித்துத் திருப்பினார்கள். இத்தனை நேரம் காற்றுப் பட்டாலே அலறிய கை. குழந்தை தூங்கியது. வீட்டில் தூங்குகிற தூக்கமும் இல்லை, சாவும் இல்லை. மார்பு மட்டும் ஏறி இறங்கியது. ஜெயா சக்கரக் கட்டிலை உள்ளறைக்குத் தள்ள, டாக்டர் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு கூடவே போனார். சர்ஜன் கையில் உறையோடு காத்திருந்தார். கால் மணி நேரத்தில் மரியம் கைக்கட்டோடு திரும்பி வந்து, கண்ணைக் கசக்கி, "என் பொத்தான்?" என்றாள்.

"டாக்டர்," என்றார் மாணிக்கவாசகம். குரல் மேடைக் குரலாக இல்லை. "அந்தப் புள்ள எங்க போச்சு?"

டாக்டர் கலியாணசுந்தரம் சாதாரணமாக இந்த மாதிரிக் கேள்விக்கு அரைமணி நேரம் பதில் சொல்லுவார். இப்போது குடுவை மூடியைத் திருகிக்கொண்டே நின்றார்.

"தெரியாதுங்க ஐயா. இங்கிலாந்துலயும் யாருக்கும் தெரியாது. நூறு வருஷமாத் தூங்க வைக்கிறோம், எப்படித் தூங்குறாங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. திரும்பிக் கூட்டிட்டு வர்ற வழி மட்டும் தெரியும். அந்த வழியும் நீங்க சொன்ன பதிலை வெச்சுத்தான்."

மாணிக்கவாசகம் கதவைப் பார்த்தார். அந்தப் பக்கம் பதினோரு பேரும் மனைவியும்.

"டாக்டர், நான் சாயங்காலம் கிளேபாங் போவேன்."

"காத்து வாங்க. கேள்விப்பட்டேன்."

"காத்தும்தான்."

டாக்டரின் கை குடுவையிலேயே நின்றது. ராஜரத்தினம் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "எவ்வளவு, ஐயா?"

"ஒரு சின்னக் கிளாஸ்."

ராஜரத்தினம் எழுதவில்லை, பார்த்தார்.

"கால் போத்தல்," என்றார் தலைவர். "சம்சு. ஆனா வெள்ளிக்கிழமை கிடையாது."

"முக்கால், தினமும்," என்று ராஜரத்தினம் எழுதி, நோட்டை டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் அந்தப் பென்சில் எழுத்தை முதல் தடவையாகப் படித்தார். பழைய பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டினார். தன் பட்டியலில் குடிக்காதவர் என்று மையால் ஏறியிருந்த பலருக்கு எதிரே பென்சிலில் போத்தல்கள் வரிசையாக நின்றன. சுவரிலிருந்த சிவப்புக் கோடுகளை ஒருமுறை பார்த்தார். வில் டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

"ராஜரத்தினம், ஈதர். நீங்களே கொடுங்க."

"டாக்டர்," தலைவர் அவர் கையைப் பிடித்தார். "லண்டன் பத்திரிகையில என் பேரு…"

"பேரே வராது ஐயா. எண் மட்டும்தான். நீங்க முப்பத்தேழு."

"பேரே வராதா?" என்றார் மாணிக்கவாசகம். நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். முகத்தில் கொஞ்சம் வருத்தமும் தெரிந்தது.

வெளியே வராந்தாவில் முதலில் வாசனைதான் வந்தது. மூக்கின் உள்ளே போய் உட்காரும் அந்தப் பழைய வாசனை. சிவகாமசுந்தரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ஈதர் என்றால் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

கணேசமூர்த்தி பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். "இது ஈதர்லா! தலைவருக்கு ஈதரா? லண்டன் மருந்து எங்க போச்சு? மீன்காரனுக்கு ஒரு மருந்து, நம்ம தலைவருக்கு ஒரு மருந்தா? நான் உள்ள போய்க் கேக்குறேன்."

"உக்காருங்க தம்பி," என்றாள் சிவகாமசுந்தரி.

"இல்ல அண்ணி, இது சங்கத்துக்கே அவமானம்."

அவர் கதவில் கை வைத்தபோது உள்ளேயிருந்து ஏதோ இரும்புத் தட்டு விழுந்தது. கால் உதைக்கும் ஓசை. "பிடி, பிடி, தோளைப் பிடி," என்று ராஜரத்தினத்தின் குரல். பிறகு மாணிக்கவாசகத்தின் குரல் வராந்தா முழுக்க அதிர்ந்து வந்தது.

"கிளேபாங்!"

சிவகாமசுந்தரி கண்ணை மூடிக்கொண்டாள். பதினோரு பேரும் கதவைப் பார்த்தார்கள்.

"கிளேபாங் முதல் புக்கிட் ரம்பாய் வரைக்கும் நமது சங்கம் பரவ வேண்டும் தோழர்களே! தாய்மார்களே! கள்ளென்னும் அரக்கன் நம் குடிசைகளின் கூரையைப் பிய்க்கிறான். சுதந்திரம் வந்தது, கொடி பறந்தது. ஆனால் குடிகாரனுக்கு ஏது சுதந்திரம்?"

நாக்குக் குழறியது. ஆனால் ஒரு வாக்கியம்கூடத் தப்பவில்லை. தண்ணீர்போல் வந்தது. கணேசமூர்த்தி கதவிலிருந்து கையை எடுத்தார். கண்ணில் நீர் நிறைந்தது. "பாத்தீங்களா? மயக்கத்துலயும் கொள்கை! எலும்புக்குள்ள இருக்குதுய்யா கொள்கை!" அவர் தட்ட, பத்துப் பேரும் தட்டினார்கள்.

சிவகாமசுந்தரி திகைத்து நின்றாள். மேலே இருப்பது பொய், கீழே தோண்டினால் உண்மை வரும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள், அவரும் நினைத்து நடுங்கினார். தோண்டியதில் வந்தது மேடை.

"என் உதடு… ஒருநாளும்…" என்றது குரல். "ஒருநாளும்… அதை…"

நின்றது.

கணேசமூர்த்தி தட்டுவதற்கு உயர்த்திய கையோடு காத்திருந்தார். வாக்கியம் முடியவில்லை. உதைக்கும் ஓசை இல்லை. ராஜரத்தினத்தின் குரலும் இல்லை. சாலையில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

சிவகாமசுந்தரி கதவைத் தட்டினாள். பிறகு இரு கையாலும் தட்டினாள். ஜெயா கதவை ஒரு சாண் திறந்தாள்.

"மிஸ்ஸி, அவரு…"

"தூங்கிட்டாரும்மா. பிரஷர் நூத்தி முப்பது. நாடி நல்லா இருக்கு. சர்ஜன் ஆரம்பிக்கப் போறாரு." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜெயா கதவைக் காலால் பிடித்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம். கேளுங்க."

இடைவெளியில் முகம் தெரியவில்லை; ராஜரத்தினத்தின் முதுகும், குப்பியிலிருந்து நிதானமாக விழும் சொட்டும் தெரிந்தன. அவள் காதை வைத்தாள். முப்பத்தோரு வருஷத்தில் அவர் அதட்டல் கேட்டிருக்கிறாள், இருமல் கேட்டிருக்கிறாள், சம்சு ராத்திரிகளின் குறட்டை கேட்டிருக்கிறாள். இது வேறு. ஆழமாக, ஒரே அளவாக, யாரையும் நம்ப வைக்கத் தேவையில்லாமல் ஒரு மூச்சு போய் வந்தது. மறுபடி போனது. வருமா என்று அவள் தன் மூச்சைப் பிடித்தாள். வந்தது.

"அண்ணி," கணேசமூர்த்தி பின்னாலிருந்து கழுத்தை நீட்டினார். "தலைவர் இப்ப என்ன சொல்றாரு?"

"சும்மா இருங்க தம்பி," என்றாள், காதை எடுக்காமல்.